பெயரும் இருக்கையும் பணமும்

அமெரிக்காவில் ஆர்க்கன்ஸா மாநிலத்தைச் சேர்ந்த லிட்டில் ராக் நகரில், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் என்னும் ஆகாய விமான ஸ்தாபனம் தன் ஆரம்ப காலத்தில் நடத்திவந்த ரிஸர்வேஷன் காரியாலயத்திலே, சக்கரம்போல் சுழலும் பெட்டகம் ஒன்றில் விமானத்துக்கு ஓர் அட்டையாக அடுக்கிவைத்து, அதைச் சுற்றி எட்டு உத்தியோகஸ்தர்கள் அமர்ந்து வேலை செய்துவந்தார்கள். இடம் விற்றபோதெல்லாம் பெட்டகத்தைச் சுழற்றி, உரிய அட்டையை எடுத்து, அதன் ஓரத்தில் ஓர் அடையாளம் இடுவார்கள். ஓரம் முழுவதும் அடையாளம் நிறைந்துவிட்டால் விமானமும் நிறைந்துவிட்டது என்று கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். விமானங்கள் சிலவாக இருந்தவரையில் அது நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் பெட்டகத்தைச் சுற்றி எட்டுப் பேருக்கு மேல் உட்கார இடமில்லை. நாடு முழுவதும் கிளை பரப்பிய ஒரு பெரிய வியாபாரத்தின் வளர்ச்சிக்கு ஒரு பெட்டகத்தின் சுற்றளவு எல்லையாக வந்து நின்றது என்ற இந்தச் செய்தி, முதன்முதலில் படித்த நாள் தொட்டு என் மனத்தை விட்டு அகலவில்லை. கணக்கு எழுதும் ஏட்டின் வடிவம் எதுவோ அதுவே விற்கும் பண்டத்தின் வடிவத்தையும் நிர்ணயம் செய்துவந்திருக்கிறது என்பதுதான் இந்தத் தொழிலின் சரித்திரம் முழுவதும் எனக்குத் தென்படுவது. இன்று விமான ஸ்தாபனங்கள் தம் பழைய கம்ப்யூட்டர் அமைப்புகளைக் கூறுகூறாகப் பிரித்துப் புதிதாகக் கட்டிக்கொள்ள முற்பட்டிருப்பதன் காரணமும் அந்தச் சரித்திரத்திலேதான் இருக்கிறது.

விமானத்தின் இருக்கை விசித்திரமான பண்டம். நெல் வியாபாரி விலை வரும்வரையில் களஞ்சியத்தைப் பூட்டிவைத்துக் காத்திருக்கலாம்; பூ விற்கும் பெண்மணி அவ்வாறு காத்திருக்க முடியாதென்றாலும், மிஞ்சிய மல்லிகையைப் பொழுது சாய்ந்த பிறகு பாதி விலைக்காவது கொடுத்துவிட்டு வீடு திரும்பலாம்; விமானம் தரையை விட்டுக் கிளம்பிய அந்தக் கணத்திலேயோ, காலியாக இருக்கும் இடத்துக்கு யாதொரு விலையும் இல்லை. அழியும் பண்டம் என்பதோடு, ஆயிரக்கணக்கான மைல் தூரத்தில் உள்ள பலர் ஒரே சமயத்தில் ஒரே சரக்கிலிருந்து எடுத்து விற்கும் பண்டமுமாகும் அது. ஆகவே ஒரே இடத்தை இருவருக்கு விற்றுவிடும் அபாயமும், இடம் இருந்தும் இல்லையென்று சொல்லி வந்தவரைத் திருப்பியனுப்பிவிடும் நஷ்டமும் அன்றாடம் உண்டு. இந்தப் பண்டத்தை விற்பவன் மூன்று கணக்குகளை வைத்திருந்தாக வேண்டும்: எத்தனை இருக்கை மிச்சம்; யார் பெயருக்கு விற்றது; வாங்கிய பணம் எவ்வளவு, அதில் யாருக்கு எவ்வளவு சேரவேண்டும் என்பவை. இம்மூன்றும் மூன்று வெவ்வேறு காலங்களில், மூன்று வெவ்வேறு ஏடுகளாகப் பிறந்துவிட்டன.

முதலில் யந்திரத்துக்கு வந்தது இருக்கைக் கணக்கு. ஒவ்வொரு விற்பனைக்கும் முன்னால் தலைமை இடத்தைக் கேட்டு, பதில் வந்த பிறகே பிரயாணிக்கு உறுதி சொல்வது பழைய வழக்கம். பின்னர், நிறுத்தச் சொல்லி உத்தரவு வரும்வரையில் அவரவர் விற்றுவிட்டுத் தகவல் மட்டும் அனுப்பலாம் என்ற முறை வந்தது. அந்த முறையில் நிறுத்தல் உத்தரவு போய்ச் சேருவதற்குள் விற்றுப்போகக் கூடியவற்றுக்காகச் சில இடங்களை எப்போதும் ஒதுக்கிவைக்க வேண்டியிருந்தது. இந்தச் சங்கடத்தை நீக்க வழி தேடியவர் அமெரிக்கன் ஏர்லைன்ஸில் வேலை பார்த்த சார்ல்ஸ் அம்மன் என்பவர். பங்குச் சந்தைக்கு விலைப் பலகைகள் செய்துகொடுத்துவந்த டெலிரெஜிஸ்டர் கம்பெனியின் துணையோடு அவர் ஆக்கிய ரிஸர்வைஸர் என்னும் மின்சார யந்திரம் 1946-ல் பாஸ்டன் நகரக் காரியாலயத்தில் முதன்முதலாக அமைந்தது. அதன் அடுத்த பிறவி, காந்த உருளையில் எண்ணிக்கையைப் பதித்துவைக்கும் சக்தியோடு 1952-ல் நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்தில் வேலை செய்யத் தொடங்கியது. விற்பனையாளர் ஒரு விசையை அழுத்தினால் இடம் உண்டா இல்லையா என்று விளக்கு எரிந்து சொல்லும். அம்மனின் யந்திரம் இருக்கைகளை எண்ணியது. இருக்கையில் உட்காரப்போகும் மனிதரை அது அறியாது. அவருடைய பெயரும் டெலிபோன் எண்ணும் வழக்கம்போல் காகித அட்டையில் வேறோர் அறையில் இருந்தன, எண்ணிக்கை ஒன்றும் பெயர்கள் வேறொன்றுமாக அடிக்கடி முரண்பட்டன.

இவ்விரண்டையும் இணைத்த பெருங்காரியம் ஒரு விமானப் பயணத்தில் நிகழ்ந்த சம்பாஷணையிலிருந்து பிறந்தது. 1953-ல் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயார்க்குக்குப் போன விமானத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் தலைவர் ஸி. ஆர். ஸ்மித்தும், ஐ.பி.எம். கம்பெனியின் விற்பனைப் பகுதியைச் சேர்ந்த பிளேர் ஸ்மித்தும் அடுத்தடுத்த இருக்கைகளில் அமர நேர்ந்தது; இருவருக்கும் ஒரே பெயராக இருக்கிறதே என்று தொடங்கிய பேச்சு, ரிஸர்வேஷன் தொல்லையில் வந்து முடிந்தது. அச்சமயம் ஐ.பி.எம்., அமெரிக்க ஆகாயப் படைக்காக ஸேஜ் என்னும் பாதுகாப்பு அமைப்பில் உழைத்துக்கொண்டிருந்தது. பல ராடார் நிலையங்களிலிருந்து டெலிபோன் கம்பி வழியாக வரும் செய்திகளைக் கம்ப்யூட்டர் ஒன்று உடனுக்குடன் வாங்கிப் பதில் சொல்லும் அந்த வித்தை, எதிரியின் விமானத்தைக் கண்காணிக்க உதவியது போலவே சொந்த விமானத்தின் இருக்கையைக் கண்காணிக்கவும் உதவும் என்பதை இருவரும் உணர்ந்தார்கள். சுமார் 4 கோடி டாலர் செலவில், நியூயார்க்குக்கு அருகே பிரையர்கிளிஃப் மேனர் என்ற ஊரில் 7090 என்னும் வகையைச் சேர்ந்த இரண்டு கம்ப்யூட்டர்களை நிறுவி, 1964-ன் முடிவில் நாடு முழுவதும் இணைத்து முடித்த அந்த அமைப்புக்கு ஸேபர் என்று பெயர். முன்பு ஒரு பிரயாணத்துக்கு இடம் பார்த்து, பதிவு செய்து, டிக்கெட் எழுதி முடிக்கச் சராசரி 90 நிமிஷம் ஆகும் என்பார்கள்; இப்போது பதிவு சில வினாடிகளில் முடிந்தது. வேகத்தைவிடப் பெரிய விஷயமாக நான் கருதுவது, பெயரும் இருக்கையும் ஒரே ஏட்டில் ஏறின என்பதையே. கனடாவில் ரிஸர்வெக் என்னும் அமைப்பு 1963-லேயே இதே வேலையைச் செய்யத் தொடங்கியிருந்தது என்பதையும் நியாயம் கருதிச் சொல்லவேண்டும்.

அப்படி ஒன்றான ஏட்டுக்குப் பிரயாணியின் பெயர்ப் பதிவு என்று பொருள்படும் பி.என்.ஆர். என்ற நாமம் ஏற்பட்டது. நம் ரயில் டிக்கெட்டின் தலையில் பத்து இலக்கமாக நிற்கும் பி.என்.ஆர். எண்ணும் இந்த வழியில் வந்த பெயர்தான். அந்த நாளில் கம்ப்யூட்டரின் ஞாபகசக்தி பொன்னைப்போல் அரிதாக இருந்தமையால், ஓர் எழுத்தையும் வீணாக்காமல் எல்லாவற்றையும் சுருக்கக் குறிகளாகவே எழுதினார்கள்: பெரிய எழுத்து மட்டும், முதலில் குடும்பப் பெயர், பிறகு ஒரு சாய்கோடு, பிறகு சொந்தப் பெயர். மேல்நாட்டாருக்குப் பொருந்திய இந்த அச்சு, குடும்பப் பெயர் என்பதே வழக்கில் இல்லாமல் தகப்பனார் பெயரின் முதல் எழுத்தை மட்டும் முன்னால் இட்டுக்கொள்ளும் நம்மவருக்குப் பொருந்தவில்லை. விமான நிலையத்தில் உத்தியோகஸ்தர் என் தகப்பனாருடைய பெயரைச் சொல்லி என்னை அழைத்தபோது, காலமாகிப் பல வருஷங்கள் ஆன அவரே அந்த வரிசையில் என் பின்னால் நிற்பது போன்ற ஓர் உணர்ச்சி எனக்கு உண்டாயிற்று. எங்கோ ஒரு நாட்டில் எழுத்தைச் சிக்கனம் செய்வதற்காக வகுத்த கட்டம், இத்தனை காலம் கழித்தும் நம் பெயரைத் தன் அளவுக்கு வெட்டிக்கொள்கிறது.

பெயரும் இருக்கையும் கூடிவிட்டன, பணம் கூடவில்லை. பணத்தின் ஏடு டிக்கெட். அது வெறும் சீட்டன்று, கம்பெனிகளுக்கிடையே ஓடும் ஓர் உண்டியல் என்றே சொல்லலாம். ஓர் ஊரில் ஒரு கம்பெனியிடம் வாங்கிய டிக்கெட்டைக் கொண்டு வழியில் வேறு இரண்டு கம்பெனிகளின் விமானங்களில் ஏறிச் செல்ல முடிந்ததற்குக் காரணம், ஏற்றிச் சென்ற ஒவ்வொரு கம்பெனியும் தனக்குரிய கூப்பனைக் கிழித்து வைத்துக்கொண்டு, அதைக் காட்டி விற்ற கம்பெனியிடம் தன் பங்கைப் பெற்றுக்கொண்டதுதான். 1945-ல் ஹவானாவில் தோன்றிய ஐயாட்டா என்னும் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம், 1947-ல் இந்தக் கொடுக்கல் வாங்கலைத் தீர்ப்பதற்கென்றே ஒரு தீர்வகத்தை ஏற்படுத்தியது. ஏஜெண்டுகள் கம்பெனிக்குக் கம்பெனி தனித்தனியே கணக்கு ஒப்பிக்காமல் ஒரே இடத்தில் பணம் கட்டும் திட்டமும் 1971-ல் ஜப்பானில் ஆரம்பமாயிற்று. டிக்கெட் எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் கம்பெனியைக் குறிக்கும். ஏர் இந்தியாவுக்கு 098. வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் புறப்பட்ட எங்கள் தாய்மாமன் அந்த டிக்கெட்டுப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில், அதன் தாள்களுக்கு அடியில் தடவியிருந்த சிவப்புக் கார்பன் சிறுவர்களாகிய எங்கள் விரல்களில் எல்லாம் ஒட்டிக்கொண்டதும், தாத்தா அதைப் பிடுங்கிச் சுவாமி படத்தின் முன்னால் வைத்ததும் இன்னும் என் கண்முன் நிற்கின்றன. ஆறு மாதச் சம்பளத்துக்குச் சமானமான காகிதம் அது. தொலைந்தால் பணமும் தொலைந்தது போலத்தான்.

இதற்கிடையே ஸேபர் தான் பிறந்த வீட்டை விட்டு வெளியே வந்தது. 1976-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஸேபரையும், யுனைடெட் தன் அப்போலோவையும் பிரயாண ஏஜெண்டுகளின் மேஜைகளில் கொண்டுபோய் வைத்தன. 1978-ல் விமானக் கட்டணங்களின் மீதிருந்த அரசாங்கக் கட்டுப்பாடு சட்டத்தால் நீங்கியதும், நாளுக்கு நாள் மாறும் விலைகளை நினைவில் வைத்திருப்பது மனிதரால் ஆகாத காரியமாகி, ஏஜெண்டுகள் அந்தத் திரையையே நம்ப வேண்டியவர்களானார்கள். விற்பவர் பாதிக்கு மேற்பட்ட சமயங்களில் முதல் வரியில் உள்ள விமானத்தையும், நூற்றுக்கு 92 சமயங்களில் முதல் திரையில் உள்ளவற்றுள் ஒன்றையுமே தேர்ந்தெடுக்கிறார் என்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் ஆராய்ச்சியில் கண்டறிந்தது. அப்படியிருக்க, திரையின் சொந்தக்காரன் தன் விமானத்தை முதல் வரியில் போட்டுக்கொண்டதில் என்ன ஆச்சரியம்? பிறருடைய விமானங்கள் குறைந்த விலையிலும் நல்ல நேரத்திலும் இருந்தும் பின்தள்ளப்பட்டன. முறையீடுகள் குவிந்து, அமெரிக்க அரசாங்கத்தின் சிவில் ஏரோநாடிக்ஸ் போர்டு தான் கலைக்கப்படுவதற்குச் சற்று முன்னால், 1984-ல், திரையில் பட்சபாதம் கூடாது என்று விதி வகுத்தது. அந்தப் போர்டு செய்த காரியங்களுள் பிரயாணிக்கு மிகவும் உபகாரமானது அதன் அந்திம காலத்தில் செய்த இதுதான் என்பது என் அபிப்பிராயம். எல்லாக் கம்பெனிகளின் சரக்கையும் ஒரே பலகையில், ஒரே அளவுகோலால் ஒப்பிட்டுப் பார்க்கும் பொதுச் சந்தை ஒன்று அதனால் நிலைத்தது. ஐரோப்பியக் கம்பெனிகள் 1987-ல் அமாடியஸ், கலிலியோ என்ற இரண்டு பெரிய அமைப்புகளுக்கு அஸ்திவாரம் போட்டன. ஆசியாவில் அபகஸ் தோன்றியது. ஸேபர் காலக்கிரமத்தில் தாய்க் கம்பெனியிலிருந்து பிரிந்து 2000-ல் முற்றிலும் தனி ஸ்தாபனமாயிற்று.

இந்தப் பொதுச் சந்தையில் விலை எப்படி உருவாயிற்று என்பதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். கால அட்டவணை ஓர் இடத்திலிருந்து வரும். 1929 முதல் வெளிவரும் விமான வழிகாட்டியின் வம்சம் அது. கட்டணங்கள் இன்னோர் இடத்தில், 1965-ல் தோன்றிய அட்ப்கோ என்னும் கூட்டு ஸ்தாபனத்தில், முன்கூட்டியே பதிவாகி அங்கிருந்து வரும். இன்ன தரத்தில் இடம் உண்டா என்பது மட்டும் கம்பெனியிடமிருந்து வரும். இம்மூன்றையும் சேர்த்து விலை சொல்வது திரையை நடத்தும் மூன்றாவது மனிதர்; விமானத்தின் சொந்தக்காரர் விற்கும் வேளையில் வாய் திறப்பதில்லை. தரங்களுக்கோ ஆங்கில எழுத்துக்களே பெயர்; எழுத்துக்கள் 26-க்கு மேல் இல்லாததால் விலைப் படிகளும் 26-க்கு மேல் இல்லை. அந்த எழுத்துக்களைக் கொண்டே அமெரிக்கன் ஏர்லைன்ஸின் ராபர்ட் கிராண்டல் என்ற நிர்வாகி 1985-ல் மலிவுக் கட்டணக் கம்பெனியாகிய பீப்பிள் எக்ஸ்பிரஸை எதிர்த்து நின்றார்: முன்கூட்டி வாங்குகிறவருக்குச் சில இடங்களை மிகக் குறைந்த விலையிலும், கடைசி நாளில் அவசரமாக வரும் வியாபாரிக்கு மற்ற இடங்களை அதிக விலையிலும் விற்றார், எத்தனை இடம் எந்த எழுத்தில் என்பதைக் கம்ப்யூட்டர் கணக்கிட்டுச் சொன்னது. அத்தகைய கணக்குப் பொறி இல்லாத பீப்பிள் எக்ஸ்பிரஸ் சுமார் இரண்டு வருஷத்தில் வேறொரு கம்பெனியோடு கரைந்து மறைந்தது.

காகித டிக்கெட் 2008-ம் வருஷம் ஜூன் மாதம் 1-ந் தேதியோடு ஐயாட்டாவின் ஏற்பாட்டில் முடிவுக்கு வந்தது. பணத்தின் ஏடு அன்றைக்கு மற்ற ஏட்டோடு சேர்ந்திருக்கலாம், சேரவில்லை. காகிதத்தில் இருந்ததை அப்படியே மின்சாரத்தில் பெயர்த்து எழுதினார்கள். பழைய புத்தகத்தில் நான்கு கூப்பன்கள் இருந்தமையால், காகிதமே இல்லாத மின் டிக்கெட்டிலும் நான்கு கூப்பனுக்கு மேல் கிடையாது. ஐந்தாவது விமானம் ஏறுகிறவருக்கு இன்றும் இன்னொரு டிக்கெட் எண் தொடுத்துத்தான் தருகிறார்கள். அதே ஜூன் மாதம் 15-ந் தேதி அமெரிக்கன் ஏர்லைன்ஸ் உள்நாட்டுப் பயணத்தில் முதல் பெட்டிக்கே 15 டாலர் வசூலிக்க ஆரம்பித்தது. பெட்டிக்கு ஒரு விலை, கால் நீட்டும் இடத்துக்கு ஒரு விலை, உணவுக்கு ஒரு விலை என்று பண்டம் பலவாகப் பிரிந்தது. இருக்கையை மட்டுமே அறிந்த ஏடுகளில் இவற்றை எழுத இடமில்லாததால், இவற்றுக்கென்று வேறு ஒரு மின் ஆவணத்தைச் சிருஷ்டித்தார்கள். ஆக, ஒரே பிரயாணியைப் பற்றிப் பெயர்ப் பதிவு ஒன்று, டிக்கெட் ஒன்று, சில்லறைச் சேவைகளுக்கு ஆவணம் ஒன்று என்று மூன்று ஏடுகள். பயணம் ரத்தாகும்போதோ தேதி மாறும்போதோ மூன்றையும் ஒன்றுக்கொன்று சரி பார்த்து மாற்றியாகவேண்டும். பணம் திரும்ப வருவதற்கு வாரக்கணக்கில் காத்திருந்த அநுபவம் உள்ளவர்கள், டெலிபோனில் பேசிய பெண்மணியின் அலட்சியமே காரணம் என்று எண்ணியிருப்பார்கள். உண்மையில் அந்தப் பெண்மணி, ஒன்றோடொன்று பேசாத மூன்று ஏடுகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டிருந்திருப்பார்.

2012-ம் வருஷம் அக்டோபரில் அபுதாபியில் கூடிய ஐயாட்டா மகாநாடு 787 என்ற எண்ணுள்ள தீர்மானத்தை நிறைவேற்றியது. கேட்கிறவர் யார், என்ன வேண்டுகிறார் என்பதை அறிந்து, விமானக் கம்பெனியே தன் விலையையும் சேவைகளையும் அந்தக் கணத்தில் தொகுத்துச் சொல்லலாம் என்பதும், அதற்கான பொதுப் பாஷை ஒன்றை வகுப்பதும் அதன் உள்ளடக்கம்; என்.டி.சி. என்று அதைக் குறிப்பிடுவார்கள். ஏஜெண்டுகளின் எதிர்ப்புக்குப் பிறகு 2014-ல் அமெரிக்க அரசாங்கத்தின் சம்மதம் கிடைத்தது. 2015-ல் லுஃப்டான்ஸா, பழைய திரைகளின் வழியே வாங்கும் டிக்கெட்டுக்கு 16 யூரோ கூடுதலாக வசூலித்துப் புதிய பாதைக்கு வழிவிட்டது. ஒன் ஆர்டர் என்ற மற்றொரு திட்டமும் தொடர்ந்து வந்தது: பி.என்.ஆர்., டிக்கெட், சில்லறை ஆவணம் மூன்றையும் விட்டுவிட்டு, எந்தக் கடையிலும் வாங்கும் பொருளுக்கு இருப்பதுபோல் ஒரே ஆர்டர், ஒரே எண். ஸேபரில் பெயரும் இருக்கையும் கூடியதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின் பணமும் அவற்றோடு கூடவேண்டும் என்ற விருப்பம் இது.

விருப்பத்தை நிறைவேற்றப் பழைய கட்டடம் இடம் கொடுக்கவில்லை. இருக்கைச் சரக்கு, பதிவு, விமான நிலையத்தில் ஏற்றிவிடுவது எல்லாம் ஒரே அமைப்பில் பின்னிக் கிடந்தன. ஒரு தூணை அசைத்தால் கூரையே ஆடும் பழைய வீடு போன்றது அது. புதிய முறையில் விலை சொல்லும் கூறு, ஆர்டரை வைத்திருக்கும் கூறு, இருக்கைச் சரக்குக் கூறு, பணம் வாங்கும் கூறு, சேவையைக் கொண்டுசேர்க்கும் கூறு, வரவு செலவுக் கூறு என்று ஒவ்வொன்றும் தனித்தனி அறையாக நிற்கும். அறைக்கு அறை செய்தி போகும் வாசல்கள் மட்டும் பொது அளவில் இருக்கும். ஒரு கம்பெனி விலைக் கூறை ஒருவரிடமும் பணக் கூறை வேறொருவரிடமும் வாங்கிக்கொள்ளலாம். ஒன்றைப் பெயர்த்துப் புதியதை வைத்தாலும் மற்றவை வேலை செய்துகொண்டேயிருக்கும். விலைக்கு 26 எழுத்து என்ற எல்லை இல்லை. அமாடியஸ் 2023-ல் நெவியோ என்ற பெயரிலும், ஸேபர் 2024-ல் ஸேபர்மொஸைக் என்ற பெயரிலும் இத்தகைய அமைப்புகளை அறிவித்தன. பழைய ஒற்றைக் கட்டடங்களைக் கட்டியவர்களே புதிய அறைகளையும் கட்டி விற்க முன்வந்திருக்கிறார்கள்.

எனக்கு இதில் மகிழ்ச்சியும் உண்டு, கவலையும் உண்டு. பணத்தைத் திரும்பக் கேட்கும் ஏழைத் தொழிலாளி ஒருவர் ஒரே எண்ணைச் சொல்லி ஒரே பதிலைப் பெறுவார் என்றால் அது பெரிய நன்மை. ஆனால் விலை ஒவ்வொருவருக்கும் அந்தந்தக் கணத்தில் தனியாகத் தொகுக்கப்படும்போது, பக்கத்தில் உள்ளவருக்குச் சொன்ன விலை என்ன, மற்றக் கம்பெனியின் விலை என்ன என்று ஒப்பிட்டுப் பார்க்கும் பொதுப் பலகை எங்கே இருக்கும்? 1984-ல் வகுத்த விதிகளை அமெரிக்க அரசாங்கம் 2004-ல் நீக்கிவிட்டது. அட்டவணை வேறு, கட்டணம் வேறு, இடம் வேறு என்று பிரிந்துகிடந்த பழைய முறையில் தாமதமும் குழப்பமும் இருந்தன. கட்டணம் எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில் முன்கூட்டியே பதிவாகியிருந்தது என்ற ஒரு நேர்மையும் அதில் இருந்தது. புதிய அறைகளைக் கட்டுகிறவர்கள் இந்தப் பலகைக்கும் ஓர் அறை ஒதுக்கவேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

கட்டுகிற வேலையோ இன்னும் பாதியில் இருக்கிறது. ஒரு கம்பெனி தன் வீட்டுக்குள் ஆர்டரை மட்டுமே வைத்துக்கொண்டாலும், அதன் பிரயாணி வழியில் பழைய முறையிலேயே இருக்கும் வேறொரு கம்பெனியின் விமானத்துக்கு மாறிச் செல்லவேண்டியிருந்தால், அந்தக் கம்பெனிக்குப் புரியும் பாஷையில் அவருக்காக ஒரு பி.என்.ஆரும் ஒரு டிக்கெட்டும் எழுதித் தந்தாகவேண்டும்: பெரிய எழுத்தில், தகப்பனார் பெயர் முன்னும் தன் பெயர் பின்னுமாக, நடுவே சாய்கோடு இட்டு, நான்கு கூப்பன்களோடு.